தானே ஆறும் படிக்கட்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் சரிசெய்ய உடம்பு வணங்குவதில்லை. குழாய் ஒழுகினால் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் போனை நோண்டுகிறார்கள். செருப்பு வார் அறுந்தால் செருப்பையே தூக்கி எறிகிறார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால்கூட உட்கார்ந்து பேசித் தீர்ப்பதில்லை. தானாக ஆறட்டும் என்று ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தானாக எது ஆறும்? டீ ஆறும். வேறு எதுவும் தானாக ஆறி நான் பார்த்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டினேன். ஆகவே, நான் சொல்வதில் படித்தவர்கள் குற்றம் கண்டுபிடித்தால் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். பஸ் நிற்பதற்கு முன்னால் குதித்து மூக்கை உடைத்துக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் படித்தவர்கள்தான்.

எங்கள் வீடு மாடியில். கீழே தையல்கடை. மாடிக்கு ஏற வெளிச்சுவரை ஒட்டி ஓர் இரும்புப் படிக்கட்டு, அதை விட்டால் வேறு வழி கிடையாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டுவேன், ரெட் ஆக்சைடு ஒரு கை, பெயின்ட் ஒரு கை அடிப்பேன். இரண்டு நாள் வேலை. படிக்கட்டும் முணுமுணுக்காமல் ஒரு வருஷம் உழைக்கும்.

இந்த வருஷம் அந்த இரண்டு நாள் வேலையைச் செய்ய எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

என் வீட்டுக்காரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முழங்காலும் சரியில்லை; கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்து இறங்குவாள். கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை, அவ்வளவு பெரிய வரிசை. புரை ரொம்ப முத்திவிட்டால் எடுப்பது சிரமம் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அவளுக்குக் கண் வேண்டியிருந்தது சாமி பார்க்கவோ சந்திரனைப் பார்க்கவோ இல்லை. சீட்டு ஆட. தையல்காரர் பெண்டாட்டியோடு தினமும் மத்தியானம் சீட்டு. பந்தயம், பட்டன். ஆட்டினுக்கும் டைமனுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு டப்பா பட்டனைத் தோற்றிருந்தாள். அந்த அம்மாள் இவள் கண்ணெதிரிலேயே சீட்டை மாற்றிப் போடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும்.

"கண்ணு வரட்டும். அவ சட்டையில இருக்கற பட்டனையும் சேர்த்து அத்துக்கிட்டு வரேன்" என்பாள்.

எங்கள் மருமகன் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக விஞ்ஞானி. தற்காலிகம் என்றால், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தற்காலிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் அவருமாக வந்தார்கள். நான் கம்பி பிரஷ்ஷும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, இந்த வருஷம் நீங்க பெயின்ட் அடிக்காதீங்க. நாங்க வந்து அடிக்கிறோம்."

"ஏன், என் கை விளங்காம போச்சா?"

"அய்யோ அதில்ல மாமா. இது வேற மாதிரி பெயின்ட். கீறல் விழுந்தா அதுவே மூடிக்கும்."

"யாரு மூடுவா?"

"அதுவே மாமா."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அவர் விளக்கினார். மனுஷர் விளக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"பெயின்ட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைங்க இருக்கும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு துளி எண்ணெய். மேல கீறினா அந்த இடத்து உருண்டைங்க உடையும். எண்ணெய் வழிஞ்சு கீறலை நிரப்பும். காத்து பட்டதும் இறுகிடும். அப்புறம் தண்ணி உள்ள போகாது, துரு பிடிக்காது. நமக்கு அடிபட்டாப் பொருக்கு தட்டுதில்ல? அது மாதிரி."

"பொருக்கு தட்ட உசிரு வேணுமே மாப்பிள்ளை. இரும்புக்கு ஏது?"

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நிஜமான வீட்டுல போட்டுக் காட்டணும்னு நிலையத்துல சொல்றாங்க. நல்லபடியா முடிஞ்சா என்னை நிரந்தரம் பண்ணிடுவாங்க மாமா" என்றார். என் பெண் அவருக்குப் பின்னால் நின்று தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, அவர் கேக்கறது படிக்கட்டைத்தானே? உங்க கிட்னியைக் கேட்ட மாதிரி முழிக்கறீங்க!"

அவள் அன்றைக்கு அப்படிச் சொன்னாள். கிட்னி என்றால் இரண்டு இருக்கிறது, ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். படிக்கட்டு ஒன்றுதான் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

பெயின்ட் அடிக்கிற நாளன்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒருவன் பெயின்ட் அடித்தான். மற்றவர்கள் அவன் அடிப்பதைப் பார்த்தார்கள். பார்ப்பவர்கள் சரியாகப் பார்க்கிறார்களா என்று பார்க்க ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறத்தில் பளபளவென்று வந்தது, பொய் சொல்லக் கூடாது. முடித்ததும் படிக்கட்டின் அடியில் கயிறு கட்டி ஒரு பலகையைத் தொங்கவிட்டார்கள்: 'கள ஆய்வுப் பொருள். மிதிக்கக் கூடாது.'

காய்கிற வரைக்கும்தான் என்று நினைத்தேன். மறுநாள் விரலை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தேன். காதருகே விசில் ஊதியது. ஒரு காவலாளியைப் போட்டிருந்தார்கள். அவன் விசிலுக்குக் கீறல் அலுவலர் வந்தார். அந்த நிலையத்தில் அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஒல்லியான, மரியாதையான மனிதர். சட்டைப் பையில் ஒரு ஊசி குத்தி வைத்திருப்பார்.

"படி ஏறக் கூடாதுங்க. செருப்பு கீறிடும்."

"கீறினா மூடிக்கும்னு சொன்னீங்களே?"

"கண்டிப்பா மூடிக்கும். ஆனா அது நாங்க போட்ட கீறலா இருக்கணும்."

"என் செருப்பு போட்ட கீறல் எது, நீங்க போட்ட கீறல் எதுன்னு படிக்கட்டுக்குத் தெரியுமா?"

"படிக்கட்டுக்குத் தெரியாதுங்க. அறிக்கைக்குத் தெரியும்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

"அப்ப வீட்டுக்குப் போறது எப்படி?"

அதற்கும் ஏற்பாடு இருந்தது. வீட்டின் பின்பக்கம் ஓர் அலுமினிய ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்கள். அதில் ஏறிக் குளியலறை ஜன்னல் வழியாக நுழைய வேண்டும். ஜன்னல் கம்பியை எடுத்துவிட்டார்கள். அதைப் பத்திரமாக எங்கள் பெயர் எழுதி எங்கள் பெண் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இந்த மாதிரி விஷயத்தில் நிலையம் ரொம்ப நாணயம்.

இந்த வயதில் நான் ஏணியில் ஏறப் பழகிக்கொண்டேன். அவளால் முடியாது. கண்ணும் இல்லை, காலும் இல்லை. அன்றிலிருந்து மாடியிலேயே இருந்தாள். சாமான்கள் கூடையில் கயிறு கட்டி மேலே போயின. சீட்டுக் கச்சேரியும் கூடையில்தான். தையல்காரர் பெண்டாட்டி கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து சீட்டைக் கூடையில் வைப்பாள், இவள் இழுத்து, முகத்துக்கு நேரே வைத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றை இறக்குவாள். கூடை ஏறி இறங்குவதற்குள் கீழே என்னென்ன நடக்கும் என்று சொல்ல வேண்டுமா? இரண்டாவது டப்பா பட்டனும் போயிற்று.

ஒரு நாள் கைப்பிடியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. காவலாளி விசில் ஊதினான். காக்கைக்கு விசில் தெரியவில்லை. நிதானமாக அலகைத் தீட்டிவிட்டுப் போயிற்று. அலகு பட்ட இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. மத்தியானமே மூன்று பேர் வந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். 'அங்கீகாரம் பெறாத கீறல்' என்று முடிவு செய்தார்கள். அது தானாக மூடுகிறதா என்று பார்ப்பார்கள் என்று நானும் ஆவலோடு நின்றேன். பார்க்கவில்லை. அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் வானம் கறுத்தது. வேன் பறந்து வந்தது. படிக்கட்டு முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டினார்கள்.

"எதுக்குங்க?"

"மழை வருதே. பூச்சு கெட்டுப்போகும்" என்றார் கீறல் அலுவலர்.

இரும்பு நனையாமலிருக்கப் பூச்சு, பூச்சு நனையாமலிருக்கத் தார்ப்பாய். தார்ப்பாய் நனையாமலிருக்க என்ன செய்வார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் செய்துவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தரம், வெறுங்காலோடு, கிழவி இறங்கிக்கொள்ளட்டும் என்று கேட்க நிலையத்துக்கே போனேன்.

பெரிய கட்டடம். நுழைந்ததும் சுவரில் கைவிரல் போகிற அளவுக்கு வெடிப்பு. கூரை ஒழுகுகிறது, கீழே வரிசையாக வாளிகள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "என்னம்மா, ஒரு கொத்தனாரைக் கூப்பிடக் கூடாதா?" என்றேன்.

"தொடக் கூடாது சார். இது எங்க முதல் தலைமுறைப் பூச்சு. ஆறிட்டிருக்கு."

"எத்தனை நாளா?"

"நான் வேலைக்கு வந்தப்பவே ஆறிட்டுத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு, நிரம்பிய வாளியை எடுத்து ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் அறைக்கு அழைத்துப்போனார்கள். மூக்கில் ஏறுகிற ஒரு நெடி. சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிப் பாத்திரம், அதற்குள் ஒரு மத்து மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. சோப்பு கலந்த தண்ணீரில் எண்ணெயை ஊற்றி வேகமாகக் கடைந்தால் எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைகிறது, பால் மாதிரி வெளுத்துப்போகிறது. பிறகு ஏதோ உப்பு மாதிரி ஒன்று, மருந்து மாதிரி ஒன்று, சொட்டுச் சொட்டாக அமிலம். பாத்திரத்தைச் சூட்டிலேயே வைத்துக் கடையக் கடைய ஒவ்வொரு துளியைச் சுற்றியும் பால்மேல் ஆடை படிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தோல் படிகிறது. வடிகட்டிக் காயவைத்தால் வெள்ளை மாவு. கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். மீன் சினை மாதிரி குவியல் குவியலாக உருண்டைகள். அழகாகத்தான் இருந்தது.

"தோல் எவ்வளவு தடியா இருக்கணும் மாப்பிள்ளை?"

அவர் மத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல நான் பண்ணினது மெல்லிசு மாமா. பெயின்ட்டுல கலக்கும்போதே கொஞ்சம் உடைஞ்சுது. உருண்டைத் துறையில ஒரு உருண்டை உடைஞ்சாலும் அது சேதாரம். ஏன் உடைஞ்சதுன்னு மெமோ குடுத்தாங்க. இன்னும் கொஞ்ச நேரம் சூட்டுல வெச்சுத் தோலைத் தடிப்பாக்கினேன். அப்பவும் ஒண்ணு ரெண்டு உடைஞ்சுது. மறுபடி மெமோ. இன்னும் தடிப்பாக்கினேன்."

"இப்போ?"

"இப்போ ஒண்ணுகூட உடையறதில்ல. பாராட்டுக் கூட்டம் நடத்தினாங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும் மாமா" என்றார் மெதுவாக. "இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க சத்தமாக் கேட்டுடாதீங்க."

அதற்குள் உருண்டைத் துறைத் தலைவர் உள்ளே வந்துவிட்டார். ஆளும் உருண்டை. என்னைப் பொதுமக்கள் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொதுமக்களை அவர் நேரில் பார்த்து வெகுநாள் ஆகியிருக்கும் போலிருக்கிறது. ஒரு கரண்டி மாவை மேஜையில் கொட்டி, அதன் மேல் ஒரு சுத்தியலால் ஓங்கி அடித்தார். மாவை ஊதிக் காட்டினார்.

"ஒண்ணாவது உடைஞ்சுதா? சொல்லுங்க! இடி விழுந்தாலும் உடையாது. நான் பொறுப்புக்கு வந்தப்ப இங்க நூத்துக்கு ஆறு உடைஞ்சுக்கிட்டிருந்தது. வெட்கக்கேடு! இன்னிக்கு சைபர். உலகத்திலேயே உடையாத உருண்டை நம்மகிட்டத்தான் இருக்கு."

"கீறினா உடையணும்னு மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளை இருமினார்.

"கீறல் எங்க துறை இல்லீங்க. உருண்டை பத்திரமா பெயின்ட்டுக்குள்ள போய்ச் சேரணும். அது வரைக்கும் எங்க பொறுப்பு. உடையறதெல்லாம் பூச்சுத் துறை பார்த்துக்கும்."

பூச்சுத் துறைக்குப் போனேன். அங்கே தலைவி ஓர் அம்மாள், கண்ணியமானவர், உட்காரச் சொன்னார்.

"உருண்டையைச் சமமாப் பரப்பறதோட எங்க வேலை முடிஞ்சுது ஐயா. அது உடையலைன்னா அந்தப் பெருமை உருண்டைத் துறைக்குத்தான் போகணும். அடுத்தவங்க சாதனையை நாங்க உடைக்க மாட்டோம்."

"நான் உருண்டைக்காக வரலம்மா. என் வீட்டுக்காரி கீழ இறங்கணும். வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன்."

"இறங்கறது இயக்குநர் கையில இருக்கு" என்று எழுந்து கும்பிட்டார்.

இயக்குநரின் அறையில் மட்டும் ஒழுகவில்லை. ஏனென்றால் அவர் மேஜைக்கு மேலே ஒரு குடையை விரித்துக் கட்டியிருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, உங்க படிக்கட்டு இன்னிக்கு வெறும் படிக்கட்டு இல்ல. அதுல நம்ம நிலையத்தோட எதிர்காலமே ஏறி நிக்குது."

"அதான் நாங்க ஏற முடியலீங்க."

ரசித்துச் சிரித்தார். "வியாழக்கிழமை விழா. சிறப்பு விருந்தினர் வந்து முதல் கீறலைப் போடறாரு. அது ஆறினதும் சோதனை வெற்றி. வெள்ளிக்கிழமை காலையில உங்க மனைவி மகாராணி மாதிரி இறங்கி வரலாம். சரிதானே?"

எனக்கே கூச்சமாகிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷரைச் சந்தேகப்பட்டோமே என்று. வரும் வழியில் வாடகை வண்டிக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன். அவள் அன்றே தலைக்குக் குளித்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொள்ளும் புடவையை எடுத்து நாற்காலியில் போட்டுவைத்தாள். கூடைக்குக் குனிந்து, "வெள்ளிக்கிழமையோட உன் ஆட்டம் முடிஞ்சுதுடி" என்று கீழே சொன்னாள்.

வியாழக்கிழமை தார்ப்பாயை நீக்கினார்கள். நாற்காலிகள், மைக், பூங்கொத்து. எங்கள் தெருவில் கல்யாணத்துக்குக்கூட அத்தனை கார் நின்றதில்லை. சிறப்பு விருந்தினர் வந்தார். அவர் எதில் சிறப்பு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. கீறல் அலுவலர் வெல்வெட் பெட்டியைத் திறந்து ஒரு பொன்முலாம் பூசின ஊசியை நீட்டினார்.

விருந்தினர் கைப்பிடியில் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். ஊசி வழுக்கிற்று. கீறலே விழவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். 'கிரீச்' என்று பல் கூசுகிற சத்தம். சாம்பல் பூச்சு விலகி, உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு காத்திருந்தோம்.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் பேசினார்கள். உருண்டைத் துறைத் தலைவர் உடையாமையைப் பற்றிப் பேசினார். "மனிதன் உடைகிறான், குடும்பம் உடைகிறது, நம் உருண்டை உடைவதில்லை" என்றபோது தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூச்சுத் துறை அம்மாள் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். இயக்குநர் பொறுமையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். வெயில் சுவரைத் தாண்டிப் போயிற்று. நான் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் உள்மனசின் ஓரத்தில் ஓர் ஆசை இருந்தது. ஆறித் தொலையேன், சனியனே, என்று.

விருந்தினர் குனிந்து பார்த்தார். மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து, "அப்படியே இருக்கே?" என்றார். தெரு முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளையின் முகம் அவர் செய்கிற மாவு மாதிரி வெளுத்துப்போயிற்று. என் பெண் என் கையைப் பிடித்தாள்.

இயக்குநர் சும்மா இயக்குநராகவில்லை. ஒரு நொடி யோசித்தார். மைக்கைத் தூக்கிக்கொண்டு மாடியைப் பார்த்தார். படிக்கட்டின் தலைமாட்டில் நின்று என் வீட்டுக்காரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், அதாவது கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாம பார்க்கறது முக்கியமில்ல. இந்தப் படிக்கட்டு யாருடையது? பயன்படுத்தறவங்க யாரு? அவங்க சொல்லட்டும். அம்மா! நல்லாக் குனிஞ்சு பார்த்துச் சொல்லுங்க. கைப்பிடியில கீறல் தெரியுதா?"

அவள் குனிந்தாள். கண்ணை இடுக்கினாள். அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

"ஒண்ணும் தெரியலையே ஐயா."

"சுத்தமாத் தெரியலையா?"

"சுத்தமாத் தெரியல."

கைதட்டல் வெடித்தது. விருந்தினர் இயக்குநரைக் கட்டிக்கொண்டார். உருண்டைத் துறையும் பூச்சுத் துறையும் கட்டிக்கொண்டன. அந்தச் சத்தத்தில் அவள் மேலேயிருந்து, "கீறல் என்னங்க, எனக்குப் படிக்கட்டே தெரியலையே!" என்று கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்டது. மாப்பிள்ளைக்கும் கேட்டிருக்கும். அவர் அண்ணாந்தே பார்க்கவில்லை.

போகட்டும், வெற்றியோ தோல்வியோ, விடிந்தால் வெள்ளிக்கிழமை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வந்து நின்றது. அவள் புடவை கட்டிக்கொண்டு படிக்கட்டின் தலைமாட்டில் தயாராக நின்றாள். நான் கயிற்றை அவிழ்த்தேன். விசில் ஊதியது.

மாப்பிள்ளையும் கீறல் அலுவலரும் வேனிலிருந்து இறங்கி வந்தார்கள். அலுவலர் கையில் பூங்கொத்து இருந்தது. அதை எனக்குக் கொடுத்தார்.

"வாழ்த்துகள். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு. சோதனை முடியற வரைக்கும் நிரந்தரம்."

"சோதனைதான் நேத்தே முடிஞ்சுதே?"

"நேத்து வெற்றியடைஞ்சுது. முடியல. வெற்றியடைஞ்ச சோதனையை அவ்வளவு சீக்கிரம் முடிக்க மாட்டாங்க. ரெண்டு மழைக்காலம் பார்க்கணும். மாசா மாசம் நாங்க ஒரு கீறல் போடுவோம். அம்மா மேலேயிருந்து பார்த்து, தெரியலைன்னு சொல்லணும்."

"நல்லாச் சொல்லட்டும். இப்ப ஆபரேஷனுக்கு நேரமாச்சு, வழி விடுங்க."

அலுவலர் சங்கடமாக நெளிந்தார். நிஜமாகவே சங்கடப்பட்டார், மனுஷர் நல்லவர்தான்.

"அதுதாங்க விஷயம். சோதனையை எந்தக் கருவியால ஆரம்பிச்சோமோ அதே கருவியாலதான் முடிக்கணும். நடுவுல மாத்தினா இதுவரைக்கும் எடுத்த முடிவு செல்லாது."

"எந்தக் கருவி?"

"அம்மாவோட கண்ணுங்க."

நான் நிறைய வாகனங்களுக்கு முன்னால் பிரேக் போட்டவன். அப்போது என் காலுக்குக் கீழே பிரேக் இல்லாத மாதிரி இருந்தது.

"அது புரை விழுந்த கண்ணுய்யா!"

"அது அவங்க உடம்பு சம்பந்தப்பட்டது, அதுல நிலையம் தலையிடாதுங்க. அம்மா இறங்கறதுக்கும் தடை இல்ல, ஏணி இருக்கு. கண்ணை மட்டும் மாத்தாம இருந்தாப் போதும்."

நான் மாப்பிள்ளையிடம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"நான் வேலையை விட்டுடறேன் மாமா. எழுதிக் குடுத்துடறேன். நீங்க அத்தையைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். அதனால்தான் என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அங்கே எல்லோரும் நல்லவர்களாக நின்றார்கள். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"மாப்பிள்ளை!" மேலேயிருந்து குரல் வந்தது. "நீங்க பேசாம இருங்க. ஏங்க, வண்டியை அனுப்பிடுங்க."

"உனக்குப் பைத்தியமா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க, மறந்துபோச்சா?"

"மறக்கல. ரெண்டு மழைதானே. பட்டன் எங்க ஓடிடப்போகுது? கீழதான இருக்கா, எண்ணித்தான் வெச்சிருப்பா" என்றாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லிட்டு வாங்க. பாவம், வேற யாருக்காவது அந்த இடத்தைக் குடுக்கட்டும்" என்றாள்.

வண்டியை அனுப்பினேன். நடந்தே போவது என்று தீர்மானித்தேன். போகுமுன் கைப்பிடியில் நேற்றுப் போட்ட கீறலைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினேன். விரலில் சிவப்பாக ஒட்டியது. அலுவலரின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன?"

அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். "நிறமாற்றம்" என்றார்.

விரலை அவருடைய பூங்கொத்தில் துடைத்துவிட்டு, பூங்கொத்தைக் காவலாளியிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு ஒரு சலாம் வைத்தான். எனக்குப் பின்னால் தார்ப்பாயை மறுபடி விரிக்கிற சத்தம் கேட்டது.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் மேலே நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள், மின்கம்பத்தைப் பார்த்து. அதை நான் என்று நினைத்துவிட்டாள் போல. கம்பம் பதில் சொல்லப்போவதில்லையே என்று நான் கையை உயர்த்தி அசைத்தேன். அவளுக்குத் தெரியவில்லை.

தானாக ஆறுமாம். போங்கடா என்று சொல்லிக்கொண்டு நடந்தேன்.